டில்லி மொட்டைமாடியில் பூண்டு: வாசகர் கேள்விகள்

ஆடிப் பட்டம் தேடி விதை என்று பூண்டையும் ஜூலையிலேயே நட்டேன், எல்லாம் அழுகிவிட்டது. மண் கோளாறா? (மயூர் விகார்)

மண்ணைத் திட்டாதீர்கள். ஆடியில் இங்கே மழையும் புழுக்கமும், இரண்டுமே பூண்டுக்கு ஆகாது. அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் தொடக்கத்துக்குள் நட்டுவிடுங்கள். டிசம்பர், ஜனவரிக் குளிரை வாங்கினால்தான் உள்ளே ஒழுங்காகப் பல் பிரியும், அப்புறம் பகல் நீள நீள அடி பருக்கும். ரொம்பத் தள்ளி ஜனவரியில் நட்டால் பெரும்பாலும் ஒற்றைப் பூண்டுதான். சென்னையில் மாடித் தோட்டக்காரர்கள் பல்லை ஃபிரிட்ஜில் வைத்துக் குளிர் காட்டுகிறார்கள், நமக்கு அது ஓசியில் கிடைக்கிறது.

பல்லை உரித்து நடணுமா? (துவாரகா)

வேண்டாம். தோலோடு, கூர்முனை மேலே இருக்க, அதற்கு மேல் 2, 3 செ.மீ. மண் வருகிற மாதிரி. பல்லுக்குப் பல் 10 செ.மீ. விடுங்கள். உள்பக்கத்துச் சின்னப் பல்லெல்லாம் ரசத்துக்குப் போகட்டும், வெளிச்சுற்றுப் பெரிய பல்தான் விதை.

கொடைக்கானல் மலைப் பூண்டு கொண்டுவந்திருக்கிறேன், நடலாமா? (ஆர்.கே.புரம்)

ஆசைக்கு ஒரு தொட்டி நடுங்கள். ஆனால் பூண்டு பகலின் நீளத்தையும் குளிரையும் பார்த்துப் பருப்பது, மலையில் பழகிய ரகம் இங்கே அதே மாதிரி வரும் என்று நம்பி எல்லாத் தொட்டியையும் கொடுத்துவிடாதீர்கள். யமுனா சஃபேத் மாதிரி சமவெளி ரகம் பத்திரம். தவிர, மலைப் பூண்டுக்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது அந்த மலையில் விளைவதற்குத்தான், உங்கள் மாடியில் விளைவதற்கு அந்தப் பெயர் வைக்க முடியாது!

ஜனவரியில் இலை நுனி மஞ்சளாகிறது, தினமும் தண்ணீர் ஊற்றியும். (ரோகிணி)

ஊற்றுவதால்தான் என்று நினைக்கிறேன். மூடுபனி நாளில் தொட்டி காய்வதே இல்லை. விரலை இரண்டு கணு உள்ளே விட்டுப் பாருங்கள், ஈரம் தட்டினால் அன்றைக்கு விட்டுவிடுங்கள். மார்ச்சில் இலையில் வெள்ளி வெள்ளியாகக் கோடு விழுந்தால் அது வேறே கதை, இலைப்பேன். வேப்பெண்ணெய்க் கரைசலை மாலையில் தெளியுங்கள்.

வெயிலே வராத வடக்குப் பால்கனி? (கரோல் பாக்)

முழுப் பூண்டை மறந்துவிடுங்கள். நெருக்கி நட்டு, தாளை மட்டும் நறுக்கி நறுக்கித் துவையலுக்கும் முட்டைப் பொரியலுக்கும் எடுங்கள்.

எப்போது பிடுங்குவது? (மயூர் விகார்)

மார்ச் கடைசி, ஏப்ரல் தொடக்கம். அடி இலைகள் காய்ந்து மேலே நாலைந்து பச்சையாக இருக்கும்போது. ஒவ்வொரு பச்சை இலையும் பூண்டின் மேல் ஒரு தோல், எல்லாம் காயட்டும் என்று காத்திருந்தால் தோல் கிழிந்து பல் சிதறும். பத்து நாள் முன்பே தண்ணீரை நிறுத்திவிடுங்கள். பிடுங்கியதைக் கழுவாமல், தாளோடு, நிழலில் காற்றோட்டமாக இரண்டு வாரம் தொங்கவிடுங்கள், ஏப்ரல் வெயிலில் போட்டால் வெந்துவிடும்.