வாசகர் கேள்வி – பதில்: இடியன் துவக்கின் மரமும் இரும்பும்

கேள்வி: கனடாவில், ஒன்ராறியோ மாகாணத்தில் வசிக்கும் என் மூத்த மகன், பாகங்களாக விற்கப்படும் பழைய பாணி இடியன் துவக்கொன்றை வாங்கியிருக்கிறான். சக்கிமுக்கிக் கல்லால் தீப்பொறி எழுப்பும் நீண்ட குழல் துவக்கு. கட்டை மேப்பிள் மரமாம். நான் தேக்கிலும் பலாவிலும் தளபாடம் செய்து பழகியவன், மேப்பிளைத் தொட்டதில்லை. விடுமுறைக்கு வரும்போது அவன் பாகங்களைக் கொண்டுவந்தால், இங்கேயே இழைத்துப் பொலிஷ் போட்டுக் கொடுக்கலாமா?
– தச்சுத் தொழிலாளர் ஒருவர், பண்டாரவளை

பதில்: கொண்டுவர வேண்டாம் என்று மகனுக்கு இன்றே சொல்லிவிடுங்கள், ஐயா. சக்கிமுக்கிக் கல் வகை நீள்துவக்கின் புதிய நகல்களைக் கனடாச் சட்டம் பழம்பொருளாகக் கருதுவதால், அவற்றை வைத்திருப்பதற்கு அங்கே உரிமம் தேவையில்லை. ஆனால் அந்தச் சலுகை விமான நிலையத்தோடு முடிந்துவிடும். இலங்கையில் 1916ஆம் ஆண்டின் சுடுகலன்கள் கட்டளைச் சட்டப்படி, துவக்கை வைத்திருப்பதற்கு மட்டுமல்ல, செய்வதற்கும் உரிமம் வேண்டும்.

கட்டையை மட்டும் அனுப்பினால் என்ன என்று நீங்கள் கேட்கக்கூடும். அதனாலும் பயனில்லை, ஏனெனில் இந்த வேலையின் பெரும்பகுதி இரும்பைப் பக்கத்தில் வைத்துக்கொண்டுதான் நடக்கிறது. பொதியில் வரும் கட்டையில் குழலுக்கும், கல்லை அடித்துத் தீப்பொறி எழுப்பும் விசையமைப்புக்கும் உரிய பள்ளங்கள் ஓரளவு குடையப்பட்டிருந்தாலும், அவை வேண்டுமென்றே சற்று இறுக்கமாக விடப்பட்டிருக்கும். விளக்குக் கரியை எண்ணெயில் குழைத்துக் குழலின் அடியில் மிக மெல்லிதாகப் பூசி, பள்ளத்தில் வைத்து அழுத்தி எடுத்து, கரி ஒட்டிய இடத்தை மட்டும் கூரிய உளியால் சீவி, மறுபடியும் வைத்துப் பார்க்க வேண்டும். அவசரப்பட்டு ஒரு சீவல் கூடுதலாக எடுத்தால் தெரியும் இடைவெளியை எந்தப் பொலிஷும் மறைக்காது. முதலில் குழலும், அதன் பின்னரே விசையமைப்பும் உட்கார வேண்டும். தீப்பொறி விழும் மருந்துக் கிண்ணம், நெருப்பு உள்ளே செல்லும் குழலின் பக்கத் துளைக்கு நேராக அமைவது அந்த வரிசையில்தான் தங்கியிருக்கிறது. குழலின் பின்பக்க அடைப்பையோ அந்தத் துளையையோ மகன் தானாகத் திருத்தக் கூடாது. அவை அங்குள்ள தேர்ந்த துவக்குக் கம்மியருக்கு உரியவை.

உங்கள் கை இல்லாவிட்டாலும், கைத்தொலைபேசியின் காணொளி வழியாக உங்கள் கண் அங்கே போகலாம். சாண்ட் பேப்பரை மகன் அதிகம் எடுக்காமல் பார்த்துக்கொள்ளுங்கள். விசையமைப்பைச் சுற்றியுள்ள மட்டமான பகுதியின் விளிம்புகள் கூர்மையாக நிற்பதுதான் நல்ல வேலைக்கு அடையாளம். தாளை விரலால் பிடித்துத் தேய்த்தால் அவை உருண்டு சோப்புக் கட்டியைப் போலாகிவிடும். அரமும் சீவுதகடும் போதும். நம் தச்சர்கள் கையாளும் கண்ணாடித் துண்டுகூட மேப்பிளில் அழகாக வேலை செய்யும். மழித்து முடித்ததும் ஈரத்துணியால் துடைத்து, நிமிர்ந்தெழும் நாரைக் காயவிட்டு வெட்டி, இதை இரண்டு மூன்று முறை செய்ய வேண்டும்.

மேப்பிள் வெளிறிய, இறுக்கமான மரம். வால்நட்டைப் போல எண்ணெய் பட்டதும் கறுத்துவிடாது. பழைய அமெரிக்கக் கைவினைஞர்கள் இரும்பை நைட்ரிக் அமிலத்தில் கரைத்த நீரைப் பூசி, கட்டையைச் சூடுகாட்டிச் செங்கபில நிறத்தை வரவழைத்தார்கள். மரத்துக்குள் மறைந்திருந்த வரிகள் அப்போதுதான் எழும்பி நிற்கும். அந்த நீரை ஆயத்தமாகவே வாங்கலாம், வீட்டில் அமிலத்தோடு விளையாட வேண்டாம். நிறம் வந்த பின், எஞ்சிய அமிலத்தை அப்பச்சோடாக் கரைசலால் துடைத்தகற்ற வேண்டும்.

மேற்பூச்சுக்கு ஆளிவிதை எண்ணெய். அது ஆவியாகிக் காய்வதில்லை, காற்றிலுள்ள ஒட்சிசனோடு சேர்ந்து இறுகுகிறது. ஆகவே கையால் மெல்லிதாகத் தேய்த்து, ஒன்று இறுகிய பின்னரே அடுத்ததைப் பூச வேண்டும். நம் நாற்காலிகளுக்குப் போடும் பளபளப்பு இந்தக் கட்டைக்குப் பொருந்தாது என்பது என் எண்ணம். இறுகும்போது வெப்பம் உண்டாவதால், எண்ணெய் தோய்ந்த துணிகளைச் சுருட்டி மூலையில் போட்டால் அவை தாமாகவே தீப்பற்றும். வெளியே விரித்துக் காயவிடவும், அல்லது தண்ணீரில் நனைத்து மூடியுள்ள தகரத்தில் இடவும் சொல்லுங்கள். உங்கள் பட்டறைக்கும் இதே விதிதான்.

கேள்வி: பழைய துவக்குக் குழல்கள் பல கபில நிறத்தில் இருக்கின்றன. அது துருதானே? துருவை யாராவது விரும்பிப் பூசுவார்களா?
– மாணவி ஒருவர், கண்டி

பதில்: துருதான், ஆனால் அளவோடு வளர்க்கப்பட்ட துரு. எண்ணெய்ப் பசை சிறிதும் இல்லாமல் கழுவிய குழலில், இரும்பைத் துருவேற்றும் உப்புக் கரைசலைப் பூசி, ஈரக் காற்றில் வைத்தால், மேலே மென்மையான செந்துரு படரும். உதிரும் துகளை ஸ்டீல் வூலால் துடைத்துவிட்டு மறுபடியும் பூசுவார்கள். நிறம் சீராக நிறைந்ததும் அப்பச்சோடா கலந்த வெந்நீரால் கழுவி வேலையை நிறுத்தி, சூட்டோடு எண்ணெயோ மெழுகோ தடவுவார்கள். அந்த எண்ணெயைப் பிடித்துவைக்கும் துருப்படலம் குழல் மேலும் அரிபடுவதைத் தாமதப்படுத்துகிறது. வெயிலில் குழல் பளிச்சிடுவதும் குறைகிறது. ஒவ்வொரு தடவையும் துருவைக் கொதிநீரில் வேகவைத்துத் துடைத்தால், செந்துரு கரிய இரும்பு ஒட்சைட்டாக மாறி, குழல் நீலங்கலந்த கறுப்பாகும். நுவரெலியாவின் மூடுபனி இந்த வேலையைத் தானே செய்துகொடுக்கும்; சூடேற்றிய கனடா வீடுகளில் குளிர்காலக் காற்று வறண்டிருப்பதால், பண்டாரவளை வாசகரின் மகன் ஈரத்துணி தொங்கவிட்ட பெட்டி ஒன்றைச் செய்துகொள்ள வேண்டியிருக்கும்.

உங்கள் ஊர்க் கைவினைஞர்களும் இத்துறையில் சளைத்தவர்கள் அல்லர். சிங்களத் துவக்குகளில் விசையமைப்பு இடப்பக்கம் இருக்கும். தோளில் படும் அடிக்கட்டை பிளவுபட்டு, செதுக்கு வேலைப்பாட்டோடு காணப்படும். 1765இல் ஒல்லாந்தர் கண்டியில் கொள்ளையிட்டு, நெதர்லாந்து 2023இல் திருப்பியளித்த ஆறு பொருட்களில் இரண்டு பெரிய துவக்குகளும் இருந்தன. எவருடைய வீட்டிலாவது உரிமத்தோடு பழைய துவக்கு இருந்தால், அதன் கபிலப் படலத்தைத் தேய்த்து வெள்ளையாக்க வேண்டாம். மெல்லிய துணியில் சிறிது எண்ணெய் தொட்டுத் துடைத்தாலே போதும்.