நிலத்தடி வெப்பம்: துளையிட்டால்தான் தெரியும்

கேள்வி: பூமிக்கு அடியில் உள்ள வெப்பத்திலிருந்து இரவும் பகலும் மின்சாரம் எடுக்கலாம் என்கிறார்கள். அப்படியானால் சூரிய மின்சாரத்தைப் போல அது ஏன் பரவவில்லை?

பதில்: இத்தாலியின் லார்டெரெல்லோவில் 1904-ஆம் ஆண்டிலேயே நிலத்தடி நீராவியைக் கொண்டு ஐந்து மின்விளக்குகளை எரியவைத்தார்கள். நூற்றாண்டுக்கும் மேலான வரலாறு இருந்தும், உலகிலுள்ள எல்லாப் புவிவெப்ப மின்நிலையங்களின் மொத்தத் திறன் இன்றும் சுமார் 16,000 மெகாவாட் அளவில்தான் நிற்கிறது. சாதாரண நிலத்தில் ஒரு கிலோமீட்டர் ஆழத்துக்கு 25 முதல் 30 டிகிரி செல்சியஸ் வரை மட்டுமே வெப்பம் கூடுவதால், மின் உற்பத்திக்கு ஏற்ற சூட்டை அடையப் பல கிலோமீட்டர் துளையிட வேண்டும். பெரும்பாலும் கண்டத்தட்டுகள் பிரியும் அல்லது மோதும் இடங்களில்தான் அந்தச் சூடு மேற்பரப்புக்கு அருகே கிடைக்கிறது. அங்கும் சூடான பாறை மட்டும் போதாது. அதில் நீரும், நீர் ஓடுவதற்கான விரிசல்களும் இருக்க வேண்டும்.

இவையெல்லாம் இருக்கின்றனவா என்பது துளையிட்ட பிறகே உறுதியாகும். ஒரு கிணற்றுக்கே பல மில்லியன் டாலர் செலவாகும் நிலையில், அது பயன்படாமல் போனால் போட்ட பணம் முழுவதும் மண்ணுக்குள் போய்விடும். என் பார்வையில், இந்தத் தொழில் வளராததற்குத் தொழில்நுட்பத்தை விட இந்தத் தொடக்கநிலை அபாயமே முதன்மையான காரணம். கென்யா இதைச் சரியாகப் புரிந்துகொண்டது. அங்கே அரசு நிறுவனம் ஒன்று தானே துளையிட்டு, கிடைக்கும் நீராவியைத் தனியார் மின் உற்பத்தியாளர்களுக்கு விற்கும் முறை கொண்டுவரப்பட்டது. அந்நாட்டின் மின்சாரத்தில் இன்று சுமார் 40 விழுக்காடு புவிவெப்பத்திலிருந்து வருகிறது.

மின்சாரமாக மாற்றாமல் வெப்பத்தை அப்படியே பயன்படுத்துவது இன்னும் சிக்கனமானது. ஐஸ்லாந்தில் பத்தில் ஒன்பது வீடுகள் இப்படித்தான் குளிர்காலத்தைக் கடக்கின்றன.

கேள்வி: இந்த வெப்பம் உண்மையிலேயே வற்றாததா? நிலநடுக்கம் வரும் என்ற அச்சத்துக்கு அடிப்படை உண்டா?

பதில்: பூமியின் வெப்பம் தீராது, ஆனால் ஒரு குறிப்பிட்ட இடத்தின் நீராவி தீரக்கூடும். கலிஃபோர்னியாவின் ‘தி கீசர்ஸ்’ களத்தில் அளவுக்கு மீறி நீராவியை எடுத்ததால் 1980-களின் இறுதியில் அழுத்தம் வெகுவாகக் குறைந்தது. அருகிலுள்ள ஊர்களின் சுத்திகரிக்கப்பட்ட கழிவுநீரை 1997 முதல் குழாய் வழியே கொண்டுவந்து நிலத்துக்குள் செலுத்திய பிறகே அந்தச் சரிவு மட்டுப்பட்டது.

நிலநடுக்க அச்சத்துக்கு அடிப்படை உண்டு. இயற்கையான விரிசல்கள் இல்லாத பாறையில் அதிக அழுத்தத்தில் நீரைச் செலுத்தி விரிசல்களை உண்டாக்கும் புதிய முறையில்தான் இந்த ஆபத்து கூடுதல். சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 2006-இல் 3.4 அளவில் நிலம் அதிர்ந்ததால், அங்கே தொடங்கிய திட்டம் பின்னர் கைவிடப்பட்டது. தென்கொரியாவின் போஹாங் நகரில் 2017-இல் பலரைக் காயப்படுத்திய 5.5 அளவு நிலநடுக்கத்தைத் தூண்டியது புவிவெப்பத் திட்டமே என்று அரசு அமைத்த ஆய்வுக்குழு 2019-இல் அறிவித்தது. அதற்கு முன்பே அங்கே சிறிய அதிர்வுகள் பதிவாகியிருந்தன. ஆகவே இத்தகைய திட்டங்களை மக்கள் நெருங்கி வாழும் நகரங்களுக்கு அப்பால் அமைப்பதும், அதிர்வுப் பதிவுகளை உடனுக்குடன் பொதுவில் வெளியிடுவதும், குறித்த அளவைத் தாண்டியதும் வேலையை நிறுத்துவதும் சட்டப்படி கட்டாயமாக வேண்டும்.