‘ரா’ பார்ப்பதை விட்டுவிடலாமா என்று கேட்டவருக்கு

“டபிள்யூ.டபிள்யூ.இ.யின் ‘ரா’ நிகழ்ச்சி வாராவாரம் எரிச்சலைத்தான் தருகிறது. சிறுவயதிலிருந்து பார்த்துவருவதை இப்போது நிறுத்திவிடலாமா?” என்பது கேள்வி. (அறியாதவர்களுக்கு: ‘ரா’ என்பது அமெரிக்காவில் வாரந்தோறும் திங்கள் இரவு நடக்கும் மல்யுத்த நிகழ்ச்சி.) கேட்டவர் தம்மைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. ஆனாலும் அவர் முப்பதைத் தாண்டியவர், பள்ளிக்கூட வாசலில் மல்லர் படம் போட்ட டிரம்ப் கார்டு வாங்கியவர், வீட்டில் ஆள் இல்லாத நேரம் பார்த்து இந்த நிகழ்ச்சியைப் போடுகிறவர் என்று ஊகிக்கிறேன். தவறாக இருந்தால் பொறுத்துக்கொள்ள வேண்டும். நானும் அந்த இனம்தான் என்பதால் வந்த ஊகம் அது.

பதிலுக்குப் போகுமுன் ஒரு கணக்கைத் தீர்த்துவிடுகிறேன். “இதெல்லாம் நாடகம் என்பதுகூட உங்களுக்குத் தெரியாதா?” என்று கீழே எழுத ஒருவர் இந்நேரம் தயாராகியிருப்பார். தெரியும் ஐயா. நடத்துவது கேளிக்கைதான், உண்மையான போட்டி இல்லை என்று 1989ஆம் ஆண்டிலேயே நியூ ஜெர்சி மாநில செனட் சபையிடம் அந்த நிறுவனத்தாரே சொல்லி, விளையாட்டுக்குரிய கட்டுப்பாடுகளிலிருந்து விலக்குக் கேட்டிருக்கிறார்கள். அவர்களே ஒப்புக்கொண்டு இத்தனை ஆண்டுகள் ஆன பிறகு, அதை எனக்குக் கண்டுபிடித்துச் சொல்ல ஒருவர் தேவையில்லை. முடிவுதான் முன்கூட்டி எழுதப்படுகிறதே தவிர விழுவது விழுவதுதான். 1998இல் பிட்ஸ்பர்க் நகரில் மிக் ஃபோலி என்ற மல்லர் சுமார் 16 அடி உயரக் கூண்டின் உச்சியிலிருந்து தள்ளப்பட்டு வர்ணனையாளர் மேசைமேல் விழுந்தபோது, பூமிக்கு யாரும் வசனம் எழுதிக் கொடுத்திருக்கவில்லை.

என் ஆச்சிக்கு இந்த ஐயமே வந்ததில்லை. 2004இல் நான் எட்டாம் வகுப்பு. சேரன்மாதேவிப் பக்கத்தில் எங்கள் ஊர். அந்த ஆண்டு மார்ச் மாதத்தில்தான் அண்டர்டேக்கர் என்ற மல்லர், சில ஆண்டுகளாக ஓட்டிக்கொண்டிருந்த மோட்டார் சைக்கிளைக் கைவிட்டு, கறுப்புத் தொப்பியும் நீளக் கறுப்பு அங்கியுமான தமது பழைய கோலத்துக்குத் திரும்பியிருந்தார். (அப்போது அவர் இருந்தது அதே நிறுவனத்தின் இன்னொரு வாராந்தர நிகழ்ச்சியான ‘ஸ்மாக்டவுன்’ பக்கம், ‘ரா’வில் இல்லை, நான் இரண்டையும் பார்த்தவன் என்பதால் இதைத் திருத்த யாரும் மெனக்கெட வேண்டாம்.) மடியில் சுளகும், சுளகில் வெட்டிய இலையும் தூளும், விரலிடுக்கில் நூலுமாக ஆச்சி பீடி சுற்றிக்கொண்டிருந்தாள். டிவியில் மணி ஒலித்தது. அரங்கின் விளக்குகள் அணைந்தன. புகைக்குள்ளிருந்து அந்த நெடிய உருவம் அடிமேல் அடிவைத்து வந்தது. ஆச்சி கையிலிருந்த பாதிப் பீடியைச் சுளகிலேயே போட்டுவிட்டு, “ஏல, இவன் நம்ம மாடன்லா! சுடுகாட்டுலேருந்துதான வாரான்?” என்றாள். நான் ஆமாம் என்றேன். வேறு என்ன சொல்வது? அந்தப் பாத்திரத்தை இதைவிடச் சுருக்கமாக ஆங்கில வர்ணனையாளர் ஒருவரும் எனக்கு விளக்கியதில்லை.

எங்கள் சீமையில் கொடைவிழா பார்த்து வளர்ந்த ஒருவருக்கு, முடிவு தெரிந்த கதையைப் பார்ப்பது வெட்கப்படத்தக்க செயலாகத் தோன்றாது. வில்லுப் பாட்டில் சுடலைமாடன் கதையைக் கேட்க உட்கார்ந்திருப்பவர்கள் அத்தனை பேருக்கும், அவன் விளக்குச் சுடரில் பிறந்ததும், சுடலையில் பிணம் தின்றதும், வரம் வாங்கிக்கொண்டு கீழே இறங்கியதும் மனப்பாடம். ஆனால் சாமக்கொடை நேரத்தில் கதை எந்த இடத்துக்கு வந்துசேர வேண்டுமோ அந்த இடத்துக்குப் புலவர் கொண்டுவந்து சேர்த்துவிடுவார். உடுக்கையும் குடமும் வேகமெடுக்கும். சாமியாடிக்கு அருள் வரும். “இன்றைக்கு இதோடு நிறுத்திக்கொள்வோம், மிச்சத்தை அடுத்த கொடைக்குப் பாடுகிறேன்” என்று அவர் வில்லை இறக்கிவைத்துப் பார்க்கட்டும், ஊர் சும்மா விடுமா?

‘ரா’ செய்வது அதைத்தான். எழுதி வைத்து நடத்துகிறார்கள் என்பதில் எனக்குக் குறையில்லை. எழுதியதை முடிக்க மறுக்கிறார்கள் என்பதே என் குறை. மாதத்துக்கொன்றாக வரும் பெரிய நிகழ்ச்சிக்கு ஆளையும் ஆவலையும் சேர்த்து வைப்பதே வாராந்தர நிகழ்ச்சியின் வேலை என்பது புரிகிறது. அதனால் முக்கியமான இருவர் மோதும்போது யாரும் தோற்றுவிடக் கூடாது. தோற்றால் மதிப்புப் போய்விடும். உடனே மூன்றாவது ஆள் ஒருவர் நாற்காலியோடு ஓடிவருவார், நடுவர் மணியை அடிக்கச் சொல்வார், ஆட்டம் ‘டிஸ்குவாலிஃபிகேஷன்’, அதாவது தகுதிநீக்கம், என்று முடியும். அப்படித் தோற்றால் சாம்பியனின் பட்டமான பெல்ட் கைமாறாது என்ற விதியும் வசதியாக இருக்கிறது. எப்போதாவது என்றால் ருசிக்கும். வாராவாரம் என்றால்?

சென்ற ஆண்டு கோடை விடுமுறைக்கு என் அக்காள் மகன் பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டில் தங்கியிருந்தான், ஒன்பது வயது. செவ்வாய்க்கிழமை மாலை அவனையும் உட்கார வைத்து, இவர் யார், அவருக்கும் இவருக்கும் என்ன பகை என்றெல்லாம் அரைமணி நேரம் சொல்லிக்கொடுத்துக் கடைசி ஆட்டத்துக்குக் கொண்டுவந்தேன். தோசையைப் பிய்த்த கை அப்படியே நிற்க, பையன் கண் இமைக்காமல் பார்த்தான். வழக்கம்போல ஒருவர் வெளியிலிருந்து ஓடிவந்தார், மணி அடித்தது, மூவரும் ஒருவரையொருவர் புரட்டிக்கொண்டிருக்கும்போதே நிகழ்ச்சி முடிந்துவிட்டது. “மாமா, யாரு ஜெயிச்சா?” என்றான். யாரும் ஜெயிக்கவில்லை என்றேன். சற்று நேரம் திரையைப் பார்த்துக்கொண்டிருந்துவிட்டு, “அப்ப எதுக்கு மாமா மணி அடிச்சாங்க?” என்று கேட்டான். நான் விதியை விளக்கத் தொடங்கினேன். பாதியில் அவன் தட்டை எடுத்துக்கொண்டு அடுக்களைக்குப் போய்விட்டான். மறுவாரம் கூப்பிட்டேன், வரவில்லை.

இதைவிடப் பழைய காயம் ஒன்று எனக்கு உண்டு. உங்கள் கேள்வியைப் பார்த்ததும் அதுதான் நினைவுக்கு வந்தது. 2010 ஜூன் மாதம் ‘ரா’வுக்கு முகம் தெரியாத பொதுமேலாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அவர் வரவே மாட்டார். வளையத்துக்கு அருகில் ஒரு மேசைமேல் மடிக்கணினி இருக்கும். அதிலிருந்து ஒரு சத்தம் வரும். வர்ணனையாளர் மைக்கேல் கோல் எழுந்துபோய், “நான் மேற்கோள் காட்டுகிறேன்” என்று கூட்டத்தின் கூச்சலுக்கு நடுவே மின்னஞ்சலைப் படிப்பார். ஆட்டம் சூடு பிடிக்கும் நேரமாகப் பார்த்துத்தான் அந்தச் சத்தம் வரும். நான் அப்போது பொறியியல் கல்லூரி விடுதியில் இருந்தேன். டிவி அறையில் நாற்பது பேர் ஒரே நேரத்தில் “ஏ, நிறுத்துல அத!” என்று கத்துவோம். ஒருவன் தன் கைப்பேசியில் அதே சத்தத்தைக் குறுஞ்செய்திக்கு வைத்துக்கொண்டு, அதற்காகவே அடி வாங்கியிருக்கிறான்.

அந்த மேலாளர் யார் என்று நாங்கள் நான்கு பேர் பந்தயம் கட்டினோம். ஷான் மைக்கேல்ஸ் என்று நான் சொன்னேன். அவர் மார்ச் மாதம்தான் அண்டர்டேக்கரிடம் தோற்று ஓய்வு பெற்றிருந்தார், வீட்டில் சும்மா இருப்பவருக்கு மின்னஞ்சல் அனுப்ப நேரம் இருக்கும் என்பது என் வாதம். ஒருவன் டிரிபிள் ஹெச் என்றான். ஒருவன் முதலாளி வின்ஸ் மக்மேன் என்றான். நான்காமவன் படித்துக் காட்டுகிற மைக்கேல் கோலேதான் என்றான், அது நல்ல யோசனை என்று இன்றும் நினைக்கிறேன். தோற்ற மூவரும் சேர்ந்து, ஜெயித்தவனுக்கு வயிறு நிறையப் பரோட்டாவும் கோழிச் சால்னாவும் வாங்கித்தர வேண்டும். வாரம் தவறாமல் தடயம் தேடினோம். இந்த வாரம் எழுத்து நடை மாறியிருக்கிறது, அந்த வாரம் இவரைத் திட்டவில்லை என்று குறிப்பேட்டில் எழுதிவைத்த கதையையும் ஒளிக்காமல் சொல்லிவிடுகிறேன்.

ஓராண்டு ஆயிற்று. 2011இன் நடுவில் அந்த மடிக்கணினி சத்தமில்லாமல் காணாமற்போனது. யார் என்று சொல்லவில்லை. புதிர் போட்டவர்களே அதை மறந்துவிட்டதுபோல வேறு கதைக்குப் போய்விட்டார்கள். பிறகு 2012 ஜூலை 9 அன்று ஒரே ஒரு நாள் அதைத் திரும்பக் கொண்டுவந்து, மின்னஞ்சல் அனுப்பிய ஆள் வளையத்துக்கு அடியில் ஒளிந்திருந்த ஹார்ன்ஸ்வாகிள் என்ற மல்லர்தான் என்று முடித்துவைத்தார்கள். 2007இல் வின்ஸ் மக்மேனின் ரகசிய மகன் யார் என்று ஒரு மாதத்துக்கும் மேல் இழுத்த புதிருக்கும் இதே ஹார்ன்ஸ்வாகிள்தான் விடை! உருவத்தில் மிகச் சிறியவரான அவர்மீது எனக்கு ஒரு வருத்தமும் கிடையாது. கொடுத்த வேலையைக் குறையில்லாமல் செய்தவர். விடை இல்லாமலேயே புதிரைத் தொடங்கிவிட்டு, இரண்டு முறையும் அவரை இழுத்துவந்து சிரிப்பாக்கியவர்கள்மீதுதான் வருத்தம்.

அதையும் நான் பார்க்கவில்லை என்பது வேறு கதை. எங்கள் டிவிக்கு அது வருமுன்பே இணையத்தில் பார்த்துவிட்ட நண்பன், “ஹார்ன்ஸ்வாகிளாம்ல” என்று ஒரே சொல்லில் குறுஞ்செய்தி அனுப்பினான். சரி, கண்ணால் பார்த்தாவது மனத்தை ஆற்றிக்கொள்வோம் என்று காத்திருந்தால், ஒளிபரப்பு நேரத்தில் மின்சாரம் இல்லை. 2012இல் சென்னைக்கு வெளியே இருந்தவர்களுக்கு அந்த மின்வெட்டைப் பற்றி நான் விளக்க வேண்டியதில்லை. சென்னைக்காரர்கள் நம்ப மாட்டார்கள், விட்டுவிடுகிறேன்.

அதற்குச் சரியாக இரண்டு வாரம் கழித்து, ஜூலை 23ஆம் தேதி ஆயிரமாவது நிகழ்ச்சியிலிருந்து ‘ரா’வை மூன்று மணி நேரமாக நீட்டினார்கள். 1993 ஜனவரியில் ஒரு மணி நேர நிகழ்ச்சியாகத் தொடங்கியது அது. இருந்த சரக்கே இரண்டு மணி நேரத்துக்குக் காணாமல் தவித்தவர்கள் மூன்று மணி நேரத்தை எதைக்கொண்டு நிரப்புவார்கள்? தொடக்கத்தில் இருபது நிமிடப் பேச்சு. சென்ற வாரம் மோதிய அதே இருவருக்கு மறுபடியும் மோதல். இந்த வாரம் இவருக்கு வெற்றி, அடுத்த வாரம் அவருக்கு. இருவருமே தேறுவதில்லை. ‘ரா’வின் முதன்மைப் பெல்ட்டை 2017 ஏப்ரல் முதல் 2018 ஆகஸ்டு வரை 504 நாள் வைத்திருந்த பிராக் லெஸ்னர், அந்தக் காலத்தில் பெரும்பாலான வாரங்கள் நிகழ்ச்சிக்கு வரவே இல்லை. பெல்ட் இல்லாமல் பெல்ட்டுக்கான சண்டையை நாம் மூன்று மணி நேரம் பார்த்தோம்.

போட்டிக்கு ஆள் இல்லாததே இத்தனைக்கும் காரணம் என்பது என் கருத்து. 1995 செப்டம்பரில் டபிள்யூ.சி.டபிள்யூ. என்ற போட்டி நிறுவனம் அதே திங்கள் இரவில் ‘நைட்ரோ’ என்ற நிகழ்ச்சியைத் தொடங்கி, ஒரு கட்டத்தில் 83 வாரம் தொடர்ந்து ‘ரா’வைப் பார்வையாளர் கணக்கில் தோற்கடித்தபோது, ஒவ்வொரு வாரமும் ஏதாவது ஒன்றை முடித்துக் காட்டியே தீர வேண்டிய கட்டாயம் இருந்தது. 2001இல் அந்த நிறுவனத்தையே வாங்கிவிட்டார்கள். அதன்பின் யாருக்கு அஞ்ச வேண்டும்? “நீ சின்னப் பிள்ளையாக இருந்தாய், அதனால் அப்போது நன்றாக இருந்தது” என்று சொல்வீர்கள். அதிலும் உண்மை இருக்கலாம், மறுக்கவில்லை. ஆனால் பழைய நிகழ்ச்சிகளை இப்போது போட்டுப் பார்த்தாலும் ஆட்டம் விறுவிறுவென்று நகர்கிறது.

நியாயமாகச் சொன்னால், இப்போது நிலைமை சற்றுத் தேறியிருக்கிறது. 2025 ஜனவரியில் அமெரிக்காவிலும், ஏப்ரலில் நம் நாட்டிலும் ‘ரா’ நெட்ஃபிளிக்ஸுக்கு மாறியபின், பழைய மூன்று மணி நேரக் கட்டாயம் இல்லை. விரும்பிய நேரத்தில் பார்க்கலாம், பேச்சைத் தள்ளிவிடலாம். நான் அப்படித்தான் செய்கிறேன்: தொடக்கப் பேச்சை ஓட்டிவிடுவேன், நடு ஆட்டங்களில் பிடித்தவர் இருந்தால் மட்டும் பார்ப்பேன், கடைசி ஆட்டத்துக்கு எழுந்து உட்காருவேன். அதுவும் நாற்காலியோடு யாராவது ஓடிவந்தால் அணைத்துவிடுவேன்.

ஆகவே விட்டுவிடச் சொல்லி உங்களிடம் நான் சொல்லப்போவதில்லை. எனக்கே முடியாததை உங்களுக்கு எப்படிச் சொல்வது? முழுதாகப் பார்க்க வேண்டும் என்ற பிடிவாதத்தை மட்டும் விடுங்கள். மாதாந்தரப் பெரிய நிகழ்ச்சிகளில் பெரும்பாலும் முடிவு வந்துவிடுகிறது. அவற்றைத் தவறவிட வேண்டாம்.

பந்தயம் இன்னும் தீரவில்லை. டிரிபிள் ஹெச் என்றவன் துபாயில் இருக்கிறான். விடுமுறைக்கு வரும்போதெல்லாம் நால்வரும் பழைய பரோட்டாக் கடைக்குத்தான் போகிறோம். யாரும் ஜெயிக்கவில்லை என்பதால் அவரவர் காசை அவரவர் கொடுத்துவிட வேண்டும் என்பது என் கட்சி. முடிவு சொல்லாமல் ஓராண்டு விட்டார்களே, அதனால் ஆட்டமே செல்லாது, பந்தயம் முதலிலிருந்து தொடங்க வேண்டும் என்பது அவன் கட்சி. சென்ற முறை இதைப் பேசிக்கொண்டிருக்கும்போதே கல்லாவில் இருந்த அண்ணாச்சி, “யாராவது ஒருத்தர் குடுங்கப்பா” என்று பில்லைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்துவிட்டார்.