செதிலை ஏன் வைரமாக்கினீர்கள்?

கேள்வி: காசிமேட்டு விடியலைப் பற்றி 16 வரியில் ஒரு கவிதை அனுப்பினேன். உவமை, உருவகம் எல்லாம் நிறையவே இருந்தும் திருப்பி அனுப்பிவிட்டீர்கள். என்ன குறை?
– காசிமேடு வாசகர்

பதில்: நிறைய இருந்ததுதான் குறை. கடல் அன்னை, அலை அவள் கரம், சூரியன் தங்கத் தட்டு. இதை எழுதக் காசிமேட்டில் பிறந்திருக்க வேண்டாம், கடலையே பார்க்காதவரும் எழுதிவிடுவார். ஏலம் நடக்கும் நேரத்தில் ஐஸ் உடைக்கிற மெஷின் சத்தம், காலடியில் ஓடுகிற மீன் தண்ணீர், டீசல் நாற்றம் எதுவும் உள்ளே வரவில்லை.

ஆனால் பதினோராவது வரியில் நிமிர்ந்து உட்கார்ந்தேன். மீன் விற்றுவிட்டு வந்த அம்மா காசை எண்ணுகிறார். ஈரமான பத்து ரூபாய் நோட்டில் ஒரு செதில் ஒட்டியிருக்கிறது. எவ்வளவு நல்ல வரி! அடுத்த வரியிலேயே 'வைரமாய் மின்னியது' என்று எழுதி அதைக் கெடுத்துவிட்டீர்களே. வினை, பயன், மெய், உரு என்று உவமைக்கு நான்கு வழி சொல்கிறது தொல்காப்பியம். செயல், பலன், வடிவம், நிறம் என்று வைத்துக்கொள்ளுங்கள். வைரத்துக்கும் செதிலுக்கும் மினுக்கத்தைத் தவிர வேறென்ன பொருத்தம்? ஒரு செதிலை விரல் நுனியில் வைத்துப் பாருங்கள். மெல்லிசாக, லேசாக வளைந்து, கைக்குழந்தைக்கு வெட்டிப்போட்ட நகம் மாதிரி இருக்கும். அம்மா அதைச் சுரண்டிப் போட்டுவிட்டுத்தானே நோட்டை முந்தானையில் முடிந்திருப்பார்?

உவமையே வேண்டாம் என்று சொல்லவில்லை. குறுந்தொகை 167-ஆம் பாட்டில் கூடலூர் கிழார், புதிதாய்க் குடித்தனம் நடத்தும் பெண்ணின் விரலைக் காந்தள் என்கிறார். பலரும் சொன்ன உவமைதான். ஆனால் அது கட்டித் தயிரைப் பிசைந்த விரல். அதை உடுத்திய துணியிலேயே துடைத்துக்கொள்கிறாள், தாளிக்கிற புகை கண்ணில் ஏறுகிறது. தயிர் ஒட்டியிருப்பதால்தான் அந்தப் பூவை நம்புகிறோம்.

சரி, அன்னையையும் தட்டையும் எடுத்துவிடுங்கள். நோட்டையும் செதிலையும் வைத்துக்கொண்டு மறுபடி உட்காருங்கள். அப்புறம் ஒன்று கேட்கிறேன். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம், விசைப்படகெல்லாம் கட்டிக் கிடக்கும். அந்த நாட்களில் உங்கள் வீட்டில் எண்ணுகிற நோட்டு காய்ந்திருக்குமா? அதில் என்ன வாசனை அடிக்கும்? அதை எழுதி அனுப்புங்கள், காத்திருக்கிறேன்.