கொள்கலன் நீங்க வேண்டும், மண்ணணை நிற்க வேண்டும்: தரை மாதிரியைத் துப்புரவு செய்தல்

கேள்வி: கொழும்பை அடுத்த கடுவலைக்கு அருகே ஆறு ஏக்கர் காணியொன்றை ட்ரோன் மூலம் அளந்து, மெட்டாஷேப் மென்பொருளில், வெறுந்தரையின் உயரங்களை மட்டும் காட்டும் தரை மாதிரி தயாரிக்கிறேன். காணியில் நின்ற நாற்பது அடிக் கொள்கலன், டிப்பர்கள், தென்னைகள் யாவும் சமவுயரக் கோடுகளில் மேடுகளாக வந்தன. தரைப்புள்ளி வகைப்படுத்தலில் செல் அளவை 5 மீட்டராகக் குறைத்தேன். வாகனங்கள் மறைந்தன, ஆனால் 18 மீட்டர் அகலமும் 30 மீட்டர் நீளமும் கொண்ட களஞ்சியத்தின் கூரை அப்படியே நிற்கிறது, ஓரத்திலுள்ள ஒரு மீட்டர் உயர மண்ணணையோ காணாமற்போய்விட்டது. காணியின் ஒரு பகுதி சதுப்புப் புல்லும் வாய்க்காலும். நிரப்புமண்ணின் அளவைக் கணக்கிட வேண்டும். என்ன செய்வது?

பதில்: கூரை தங்கியதற்கும் அணை மறைந்ததற்கும் காரணங்கள் வெவ்வேறு. மென்பொருள் தரையை எப்படித் தேடுகிறது என்பதை அறிந்தால் இரண்டும் விளங்கும். அது புள்ளி முகிலை, அதாவது ஒளிப்படங்களிலிருந்து கணித்த முப்பரிமாணப் புள்ளிகளின் தொகுதியை, செல் எனப்படும் சதுரக் கட்டங்களாகப் பிரித்து, ஒவ்வொரு கட்டத்திலும் மிகத் தாழ்ந்த புள்ளியைத் தரை என்று எடுத்துக்கொண்டு, அப்புள்ளிகளை முக்கோணங்களால் இணைத்து ஒரு முதற்பரப்பை அமைக்கிறது. பின்னர் அப்பரப்பிலிருந்து குறித்த தூரத்துக்குள்ளும் குறித்த கோணத்துக்குள்ளும் அமையும் புள்ளிகளை மட்டும் படிப்படியாகச் சேர்த்துக்கொள்கிறது. ஆகவே ஐந்து மீட்டர்க் கட்டம் முழுவதுமாக உங்கள் களஞ்சியக் கூரைக்குள் விழும்போது, அக்கட்டத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியே கூரையாகிவிடுகிறது. செல் அளவு என்பது நுணுக்கத்தின் அளவன்று. தரை சற்றும் தெரியாத மிகப் பெரிய இடத்தைவிட அது பெரிதாக இருக்க வேண்டும். உங்கள் காணிக்கு 35 மீட்டர் பொருந்தும். மென்பொருள் தானாகத் தரும் 50 மீட்டரை மாற்றாமல் அப்படியே வைத்தாலும், இவ்வளவு சமதளமான நிலத்தில் தீங்கில்லை.

அணையின் சிக்கல் கோணத்தில் இருக்கிறது. தானாக வரும் கோண வரம்பு 15 பாகை. ஒன்றரைக்கு ஒன்று என்ற சரிவில் கட்டிய மண்ணணையின் பக்கமோ ஏறத்தாழ 34 பாகை. கோணத்தைக் காணி முழுவதற்கும் 40 பாகையாக உயர்த்தினால் அணை திரும்பி வரும் என்பது உண்மைதான். ஆயினும் அதை நான் பரிந்துரைக்கமாட்டேன். ஒளிப்படங்களிலிருந்து உருவாகும் புள்ளி முகிலில் வாகனத்தின் பக்கங்கள் செங்குத்தாக நிற்பதில்லை, அடியில் சரிவாகப் பரந்து விடுகின்றன. அந்தச் சரிவும் தரையாக உள்ளே வந்துவிடும். கோணத்தை 15 பாகையிலேயே விட்டு, அணையின் புள்ளிகளை மட்டும் கையால் தெரிவுசெய்து தரை வகுப்பில் சேர்ப்பதே நம்பகமான வழி. 2016 மே மாத வெள்ளத்தைக் கண்ட களனி ஆற்றங்கரைப் பிரதேசத்தில், அணையில்லாத மாதிரியைக் கொண்டு வடிகால் அமைப்பைத் தீர்மானிப்பது ஆபத்தானது. ஆதலால் இந்த ஒரு கீற்றுக்கு நேரம் செலவிடுவது தகும்.

வகைப்படுத்தலை மீண்டும் ஓட்டுமுன், தரைக்குக் கீழே மிதக்கும் பொய்ப் புள்ளிகளை நீக்குங்கள். நீர்ப்பரப்பும் ஈரச் சேறும் பளபளக்கும் தகரமும் இத்தகைய புள்ளிகளைத் தருகின்றன. கட்டத்தின் மிகத் தாழ்ந்த புள்ளியாக அவற்றுள் ஒன்று அமைந்துவிட்டால், உண்மையான தரையே தரையல்ல என்று தள்ளப்படும். ஆனால் சுழியத்துக்குக் கீழுள்ள அனைத்தையும் அழித்துவிடாதீர்கள். நீள்வளைய உயரத்தில், அதாவது செய்மதிக் கருவிகள் கடல்மட்டத்திலிருந்தன்றி பூமியின் கணித வடிவத்திலிருந்து அளக்கும் உயரத்தில், வேலை செய்தால், கொழும்புப் பகுதியில் உயரங்கள் கடல்மட்ட உயரத்தைவிட நூறு மீட்டருக்கு அண்மித்த அளவு குறைந்து, எதிர்க்குறியுடன்தான் வரும்.

இனி, நீங்கள் கேட்காத ஒன்றைச் சொல்ல வேண்டியிருக்கிறது. இக்காணியில் உண்மையான பிழை அங்கேதான் கிடக்கிறது. கொள்கலனும் டிப்பரும் கண்ணுக்குத் தெரிவதால் நாம் அவற்றைத் தேடி நீக்குகிறோம். சதுப்புப் புல்லும், வாய்க்காலை மூடிய ஆகாயத்தாமரையும் சமமாக, தாழ்வாக, தொடர்ச்சியாகப் பரந்திருப்பதால், தரையைப் பிரித்தெடுக்கும் மென்பொருள் வடிகட்டி அவற்றைத் தரை என்றே ஏற்றுக்கொள்கிறது. சமவுயரக் கோடுகளும் அழகாக வந்துவிடுவதால் எவருக்கும் ஐயம் எழுவதில்லை. கணக்கைப் பாருங்கள்: அந்தக் கொள்கலனை அப்படியே விட்டால் வரும் பிழை ஏறத்தாழ 77 கன மீட்டர், அதாவது 27 கியூப் (ஒரு கியூப் என்பது 100 கன அடி). ஒரு ஏக்கர் பரப்பில் 15 சென்ரிமீட்டர் உயரப் புல் தரையாகக் கணிக்கப்பட்டால் வரும் பிழை 607 கன மீட்டர், ஏறத்தாழ 214 கியூப். தரை உயர்ந்து காட்டப்படுவதால் தேவையான நிரப்புமண் அந்தளவு குறைத்து மதிப்பிடப்படும். அந்த வேறுபாடு லொறிகள் வந்து இறக்கத் தொடங்கிய பிறகே தெரியவரும்.

இதற்கு மென்பொருளில் மருந்து இல்லை. ஒளிப்படம் புல்லின் அடியைக் காணவில்லை. காணாததை எந்த வடிகட்டியும் மீட்டுத் தராது. புள்ளி முகில்களைக் கையாளும் கிளவுட்கம்பேர் என்ற மென்பொருளில் உள்ள துணிப் போர்வை வடிகட்டி, முகிலைத் தலைகீழாக்கி அதன்மேல் ஒரு துணியைப் படியவிட்டுத் தரையைக் கண்டுபிடிக்கிறது. கட்டடங்களுக்கும் தனித்து நிற்கும் மரங்களுக்கும் அது மிக நன்று. அடர்ந்த புல்லில் அதுவும் புல்லின் மேலேயே படியும். லேசர் அலகிடல் (லைடார்) தென்னந்தோப்பினூடே தரையை எட்டும், ஆனால் நெருங்கிய சதுப்புப் புல்லில் அதன் கதிர்களும் பெரும்பாலும் மேலேயே நின்றுவிடும். ஆகவே புற்பகுதியைப் பலகோணமாக வரைந்து அதற்குள் உள்ள புள்ளிகளைத் தரை வகுப்பிலிருந்து விலக்கிவிட்டு, பத்து மீட்டர் இடைவெளியில் அளவுகோலை உண்மையான மண்வரை ஊன்றி உயரம் எடுங்கள். கோலின் அடியில் சிறு தட்டு பொருத்தினால் அது சேற்றில் புதையாது. வாய்க்காலுக்கு, இரு கரை விளிம்புகளையும் அடிமட்டத்தையும் முறிவுக் கோடுகளாக, அதாவது தரையின் சரிவு சட்டென மாறும் இடங்களைக் காட்டும் கோடுகளாக, அளந்து சேர்க்க வேண்டும்.

களஞ்சியத்துக்கும் இதே நியாயந்தான். கொள்கலனை நீக்கியபின் எஞ்சும் 2.44 மீட்டர் அகல இடைவெளியைச் சுற்றுப்புறத் தரையிலிருந்து இடைக்கணித்து நிரப்பலாம், தவறில்லை. 30 மீட்டர் கூரையின் கீழ் அப்படிச் செய்வது ஊகமாகிவிடும். தளம் உயர்த்திக் கட்டப்பட்டிருக்கக்கூடும். உள்ளே சென்று, கோணத்தையும் தூரத்தையும் அளக்கும் நில அளவைக் கருவியான டோட்டல் ஸ்டேஷனால் சில உயரங்களை எடுத்துவிடுங்கள். தென்னை ஓலைகளின் கீழும் அதே கருவியே நல்லது, அங்கே செய்மதிச் சமிக்ஞை தடுமாறும்.

எல்லாம் முடிந்தபின், தரை வகுப்பிலிருந்து மட்டும் மாதிரியை மீண்டும் உருவாக்குங்கள். ஏற்கெனவே உருவான பரப்பின் மேல் மேடுகளைத் தூரிகையால் சமப்படுத்துவது விரைவாக இருக்கும். ஆனால் எந்த இடம் அளக்கப்பட்டது, எந்த இடம் நிரப்பப்பட்டது என்ற தடயம் அழிந்துவிடும். பழைய மேற்பரப்பிலிருந்து புதிய தரையைக் கழித்து வரும் வேறுபாட்டுப் படத்தைப் பாருங்கள். கொள்கலன், கூரை, தென்னைகள் அதில் தெளிவாகத் தெரிய வேண்டும், அணை தெரியக்கூடாது. மாதிரியை உருவாக்கப் பயன்படுத்தாத சில சோதனைப் புள்ளிகளை வெறுந்தரையிலும் புல்லிலும் தனித்தனியாக ஒப்பிடுங்கள், ஏனெனில் இரண்டையும் கலந்து சராசரி எடுத்தால் புல்லின் பிழை வெறுந்தரையின் துல்லியத்தில் மறைந்துவிடும். வாடிக்கையாளருக்குக் கொடுக்கும் வரைபடத்தில், இடைக்கணிப்பால் நிரப்பிய பகுதிகளைக் கோடிட்டு வேறுபடுத்தி, அங்குள்ள சமவுயரக் கோடுகளை இடைவெளி விட்ட துண்டுக் கோடுகளாக வரையுங்கள்.