ஒரு பூனைக்கு ஆறினால் இன்னொன்றுக்கு வரும் படர்தாமரை

உங்கள் மூன்று பூனைகளில் ஒன்றுக்குப் படர்தாமரை ஆறினால் இன்னொன்றுக்கு வருகிறது, பெரிய பூனைக்கு மட்டும் ஒன்றுமே இல்லை, என்ன செய்வது என்று கேட்டிருந்தீர்கள். மூன்று பூனைகளுக்கும் ஒரே நேரத்தில் வைத்தியம் பாருங்கள். புண் தெரிகிற குட்டிக்கு மட்டும் க்ளோட்ரிமசோல் (பூஞ்சையைக் கொல்லும் களிம்பு) தடவினால், நீங்கள் சொல்வதுபோல் ஆறி ஆறித் திரும்ப வரத்தான் செய்யும்.

எனக்குச் சந்தேகம், ஒரு பொட்டுகூட இல்லாத அந்தப் பெரிய பூனைமேல்தான். படர்தாமரையை உண்டாக்கும் மைக்ரோஸ்போரம் கேனிஸ் பூஞ்சையை முடியில் சுமந்துகொண்டே சில பூனைகள் ஜம்மென்று திரியும்.

கண்டுபிடிக்க ஒரு வழி: பூனைக்கு ஒரு புது டூத்பிரஷ் எடுத்து உடம்பு முழுக்கச் சீவி, தனித்தனிக் கவரில் போட்டு கால்நடை மருத்துவரிடம் கல்ச்சருக்கு (பூஞ்சை வளர்கிறதா என்று பார்க்கும் சோதனை) கொடுங்கள். முடிவு வர இரண்டு மூன்று வாரம் ஆகலாம். வுட்ஸ் விளக்கில் (புற ஊதா விளக்கு) முடி ஒளிரவில்லை என்பதை மட்டும் நம்பி விட்டுவிடாதீர்கள்.

அதுவரை மைக்கோனசோல், குளோர்ஹெக்சிடின் என்ற கிருமிக்கொல்லி மருந்துகள் கலந்த ஷாம்பு, வாரம் இருமுறை, எல்லாப் பூனைகளுக்கும். பத்து நிமிடம் ஊற வேண்டும் (பிறாண்டலுக்குத் தயாராகிக்கொள்ளுங்கள்).

அப்புறம் வீடு. உதிர்ந்த முடியில் பூஞ்சையின் வித்துகள் ஒரு வருடத்துக்கு மேலும் உயிரோடு கிடக்கும். துடைப்பம் அதைப் பரப்பும். வேக்குவம் போட்டு, ஈரத்துணியால் துடையுங்கள்.

இட்ராகோனசோல் என்ற, வாய்வழி கொடுக்கும் பூஞ்சை மருந்தை நீங்களாக வாங்கிக் கொடுக்காதீர்கள். ஏதாவது சினையாக இருந்தால் மருத்துவரிடம் முதலிலேயே சொல்லிவிடுங்கள். முடி முளைத்துவிட்டது என்று வைத்தியத்தை நிறுத்தவும் வேண்டாம். கல்ச்சர் சுத்தமாக வரட்டும்.