பிக் பென் கோபுரத்தை வரைந்த ப்யூஜின்: கேள்வி பதில்

கே: சார், லண்டன் பாராளுமன்றத்தைக் கட்டியவர் சார்லஸ் பேரி என்றுதான் படித்தேன். இதில் இன்னொரு கட்டடக் கலைஞரான அகஸ்டஸ் ப்யூஜின் எங்கே வருகிறார்?

ப: பாராளுமன்றம் கூடிவந்த பழைய வெஸ்ட்மின்ஸ்டர் அரண்மனை 1834 அக்டோபர் 16 அன்று எரிந்துபோனது. கருவூலத்தின் பழைய கணக்குக் குச்சிகளை (வெட்டுக்குறி போட்டுக் கணக்கு வைத்த மரக்குச்சிகள்) உலையில் போட்டு எரித்ததால் வந்த வினை. புதிய கட்டடத்துக்கான போட்டியில் 97 பேர் கலந்துகொண்டார்கள், பேரி வென்றார். அவருடைய வரைபடங்களுக்கு நுணுக்கங்களை வரைந்து கொடுத்தவர் 23 வயது ப்யூஜின். 1844இல் பேரி மறுபடி அழைத்தார். அதிலிருந்து சுவர்த்தாள், தரை ஓடு, மரச்செதுக்கு, நாற்காலி, பிரபுக்கள் சபையின் அரியணை என்று உள்ளே எல்லாமே ப்யூஜினின் கைவண்ணம்.

கே: அப்படியானால் பேரி அவருடைய புகழைப் பறித்துக்கொண்டாரா?

ப: அப்படிச் சொல்ல மாட்டேன். அத்தனை அறைகளையும் தாழ்வாரங்களையும் ஒழுங்காகக் கோத்த திட்டம் பேரியுடையது. தேம்ஸ் பக்க முகப்பு ப்யூஜினுக்கே பிடிக்கவில்லை. உடல் கிரேக்கம், உடுப்பு மட்டும் டியூடர் (16ஆம் நூற்றாண்டு ஆங்கிலப் பாணி) என்று குறைப்பட்டார். இருவரும் மறைந்த பிறகு, 1867இல் ப்யூஜினின் மகன் எட்வர்ட் உரிமை கேட்டுப் பிரசுரம் வெளியிட, பேரியின் மகன் மறுத்து எழுதினார். என்னைக் கேட்டால் இருவர் பெயரையும் சேர்த்தே சொல்ல வேண்டும். கடிகாரக் கோபுரத்தின் வடிவம் மட்டும் சந்தேகமே இல்லாமல் ப்யூஜினுடையது. பிக் பென் என்பது உள்ளே தொங்கும் மணி.

கே: அண்ணா, நான் ஆர்க்கிடெக்சர் மூன்றாம் ஆண்டு. அவர் எங்கே படித்தார்?

ப: கல்லூரிக்கே போகவில்லை தம்பி. அப்பா பிரான்சிலிருந்து வந்த ஓவியர். அவரோடு போய்ப் பழைய தேவாலயங்களை அளந்து வரைந்ததுதான் படிப்பு. 15 வயதிலேயே வின்ட்சர் கோட்டைக்கு மரச்சாமான்கள் வடிவமைத்தார்.

நீங்கள் அவசியம் படிக்க வேண்டியது 1841இல் அவர் வெளியிட்ட கொள்கைகள். வசதிக்கோ கட்டுமானத்துக்கோ தகுதிக்கோ தேவைப்படாத எதுவும் கட்டடத்தில் கூடாது. அலங்காரம் என்றால் கட்டுமானத்தையே அழகாக்குவது. லண்டன் புனித பால் பேராலயத்தில் தாங்கு வளைவுகளை, அதாவது கூரையின் பாரத்தைத் தாங்கும் வெளி வளைவுகளை, சுவர் எழுப்பி மறைத்திருக்கிறார்கள். பாதிக் கட்டடம் மறுபாதியை ஒளிக்கவே கட்டப்பட்டது என்று அதைச் சாடினார். கூர்வளைவுகள் கொண்ட இடைக்கால கோதிக் பாணியில் தாங்குசுவர் வெளிப்படையாக நிற்கும், அந்த நேர்மைதான் அவரை ஈர்த்தது. பாணியை விடுங்கள், இந்த விதி கான்கிரீட்டுக்கும் பொருந்தும்.

கே: 40 வயதிலேயே இறந்துவிட்டாராமே?

ப: ஆமாம், 1852 செப்டம்பர் 14. பெரும்பாலும் தானே வரைந்து தள்ளியவர். அந்த ஆண்டுத் தொடக்கத்தில் மனநிலை குலைந்து பெத்லெம் மனநல மருத்துவமனை வரை போனார். மனைவி ஜேன் அவரை ராம்ஸ்கேட் என்ற கடலோர ஊரில் இருந்த வீட்டுக்கு அழைத்து வந்தார். சொந்தப் பணத்தில் கட்டிய புனித அகஸ்டின் தேவாலயத்திலேயே அடக்கம் செய்தார்கள்.

கே: இங்கிலாந்து போகிறேன். ஒரே ஒரு கட்டடம் சொல்லுங்கள்.

ப: ஸ்டாஃபர்ட்ஷயரில் சீடில் என்ற சிற்றூரில் உள்ள புனித கைல்ஸ் தேவாலயம், 1846இல் திறந்தது. ஷ்ரூஸ்பரி பிரபு செலவை ஏற்றதால் உள்ளே வண்ணம் தீட்டாத சுவரே இல்லை. நேரம் இருந்தால் ராம்ஸ்கேட்டில் அவருடைய வீட்டையும் பாருங்கள். பழைய கட்டடங்களைக் காக்கும் லேண்ட்மார்க் டிரஸ்ட் அதைப் புதுப்பித்துத் தங்குவதற்கு வாடகைக்கு விடுகிறது.